குன்னூரில் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கடை

எங்கள் தோட்டத்தின் உரிமம் பெற்ற 12 போர் (குழல் அளவு) செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னில், சுடும்போது போல்ட்டின், அதாவது தோட்டா அறையை மூடித் திறக்கும் நகரும் பாகத்தின், கைப்பிடி கழன்று விழத் தொடங்கியதால், குன்னூரில் உள்ள பழுதுபார்ப்புக் கடையொன்றை நாடினேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்த பெரியவர், என் உரிமத்தையும் துப்பாக்கியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதி, தோட்டா ஏதும் உள்ளே இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வேலையைத் தொடங்கினார்.

இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் கைப்பிடியைத் திருகாணி பிடித்திருப்பதில்லை. ஸ்பிரிங் தள்ளும் சிறு முளையொன்று, கைப்பிடித் தண்டின் பள்ளத்தில் பொருந்தி அதை நிறுத்துகிறது. ஸ்பிரிங் வலுவிழந்தாலோ, முளையைச் சுற்றிக் கரியும் பழைய எண்ணெயும் இறுகினாலோ, பள்ளத்தின் விளிம்பு தேய்ந்தாலோ பிடிப்புப் போய்விடும். வேறோரிடத்தில் பசை வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். சுத்தம் செய்யக் கழற்ற வேண்டிய பாகத்தை ஒட்டிவிடும் அந்த யோசனையைப் பற்றி மேலும் எழுதாமலிருப்பதே நாகரிகம்.

பெரியவர் போல்ட்டைப் பிரித்துக் காட்டியபோது, நீலகிரியின் மழைக்கால ஈரத்தில் ஸ்பிரிங் துருவேறியிருந்தது தெரிந்தது. பள்ளத்தில் அரம் போடாமல், அழுக்கை மட்டும் நீக்கி, புதிய ஸ்பிரிங் பொருத்தி, மெல்லிய எண்ணெய் பூசினார். கைப்பிடி இப்போது சொடுக்கென்று உட்கார்கிறது. உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. கூலியையும் பொருளின் விலையையும் ரசீதில் பிரித்தெழுத, கேட்ட பிறகே இசைந்தார்.