சர்வர் இருக்கா, ஆள் இருக்கா: கேம்டிக்குடன் சில வருடங்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பழைய கணினி ஒன்றில் மைன்கிராஃப்ட் ஜாவா, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற இரண்டு ஆட்டங்களின் சர்வர்கள் ஓடுகின்றன. ஆட வருவது பங்காளி வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் சிங்கப்பூர், கோலாலம்பூரில். இரவானால் குழுவில் ஒரே கேள்விதான்: "அண்ணே, சர்வர் இருக்கா? யாரும் இருக்காங்களா?" இதற்குப் பதில் சொல்ல, ஆட்ட சர்வர்களிடம் நிலவரம் கேட்டுவரும் கேம்டிக் என்ற நோட் ஜேஎஸ் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) வைத்து, குழுவில் தானாகப் பதில் சொல்லும் ஒரு டெலிகிராம் பாட் எழுதினேன். சில வருடங்களாக ஓடுகிறது. கருவி நல்லது. ஆனால் அது பதில் கொண்டுவராதபோது சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கவுண்டர் ஸ்ட்ரைக் சர்வரிடம் நிலவரம் கேட்கும் கேள்வி யூடிபியில் போகிறது; போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட்டை வீசிவிடும் முறை அது. வழக்கமான போர்ட் 27015. 255 மதிப்புள்ள நான்கு பைட், பிறகு ஒரு எழுத்து, ஒரு நிலையான வாசகம். மொத்தம் 25 பைட். சின்னக் கேள்வி, பெரிய பதில். அடுத்தவன் முகவரியைப் போலியாகப் போட்டுக் கேட்டால் அவன் தலையில் பதில் மூட்டை இறங்கும். அதனால்தான் 2020 கடைசியில், இந்த ஆட்டத்தின் நிறுவனமான வால்வ் இந்தக் கேள்வியிலும் ஒரு சவால் எண்ணைச் சேர்த்தது: சர்வர் முதலில் ஓர் எண்ணைத் தரும், அதை ஒட்டி மறுபடி கேட்க வேண்டும். இது தெரியாத பழைய ஸ்கிரிப்டுகள் அந்த எண்ணையே சர்வர் விவரம் என்று நினைத்து உளறும்; கேம்டிக் தானே பார்த்துக்கொள்கிறது.

மைன்கிராஃப்ட் ஜாவா வேறு ஜாதி. முதலில் இணைப்பை உறுதிசெய்துகொண்டு பேசும் டிசிபி முறை, போர்ட் 25565, பதில் ஜேசன் என்ற, புலம் புலமாகப் பெயரிட்ட எழுத்து வடிவில். சுலபம்தான், ஆனால் அதில் வரும் பெயர்ப் பட்டியல் ஒரு மாதிரி மட்டுமே. எண்ணிக்கைக்கு ஆன்லைன் என்ற புலத்தையே பாருங்கள். கைபேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பு இரண்டிலும் சேராது: யூடிபி 19132, அரைப்புள்ளி போட்டுப் பிரித்த ஒரே வரி, அதில் ஐந்தாவதும் ஆறாவதும் ஆள் கணக்கு.

பெரிய வேடிக்கை ஆட்டத்துக்குள் வரும் பாட்களில்; என் டெலிகிராம் பாட் இல்லை, கணினியே ஆட்டும் போலி ஆட்டக்காரர்கள். 1.6-இல் ஆள் குறைந்தால் பாட் சேர்த்துவிடுவோம். சர்வர் சொல்லும் மொத்தத்தில் பாட்களும் அடக்கம். எத்தனை பாட் என்பது தனி பைட்டில் வரும். ஆனால் பெயர்ப் பட்டியலில் யார் பாட் என்று குறிப்பே கிடையாது. கேம்டிக் ஊகிக்கிறது: அதிக நேரமாக உள்ளே இருப்பவர்களை அத்தனை பேர் வரை பாட் கணக்கில் தள்ளிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்த சித்தப்பா மகனை அப்படித் தள்ளிவிட, அவன் பெயர் இன்றுவரை குழுவில் பாட்தான்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெயருக்கு 32 பைட் இடம், கடைசி ஒன்று பூஜ்யத்துக்கு. யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. "செட்டிநாட்டுக்கோழி" என்று ஒருத்தன் வைத்தான். "செட்டிநாட்" முடியவே 30 பைட் ஆகிவிட்டது. அடுத்த எழுத்தில் மூன்றில் ஒரு துண்டு மட்டும் தொங்கியது. பதிலைப் பிரித்துப் படிக்கும் பார்சரை நீங்களே எழுதினால் உடைந்த பைட்டைக் கண்டு நிரல் விழாமல், மாற்றுக்குறி போட்டு நகரச் சொல்லுங்கள்.

சரி, பதில் வராத கதை. வீட்டு வைஃபையிலிருந்து எங்கள் பொது முகவரியைக் கேட்டால் ஒன்றுமே வராது. ரவுட்டர் அந்த வழியைத் திருப்பி விடுவதில்லை. அதே நேரம் சிங்கப்பூரில் ஜாம் ஜாமென்று ஆடிக்கொண்டிருப்பார்கள். அதனால் டெலிகிராம் பாட்டை, வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ்ஸுக்கு (இணையத்தில் இருக்கும் வாடகைக் கணினி) மாற்றினேன். அப்புறம், மைன்கிராஃப்ட் அமைப்பில் எனேபிள்-ஸ்டேட்டஸை அணைத்தால் பட்டியலில் சர்வர் ஆஃப்லைன் என்றே தெரியும், உள்ளே போய் ஆடலாம்.

இப்போது என் பாட் "இல்லை" என்ற சொல்லையே தவிர்க்கிறது. டிசிபி உடனே மறுத்தால் கணினி விழித்திருக்கிறது, மைன்கிராஃப்ட் மட்டும் விழுந்திருக்கிறது. "மைன்கிராஃப்டை எழுப்ப வேண்டும்" என்று எனக்கு மட்டும் செய்தி வரும். இரண்டு ஆட்டமும் மௌனம் என்றால் கரண்ட் அல்லது லைன். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கேட்கவே வேண்டாம். யூடிபி மட்டும் மௌனம் என்றால் பாக்கெட் தொலைந்திருக்கலாம், மறுபடி கேட்கும். கேம்டிக் இயல்பாக மறுமுயற்சி எண்ணை 1 என்றும் காத்திருப்பை 2 நொடி என்றும் வைத்திருக்கிறது. எங்கள் ஊர் மாலை நேர இணையத்துக்கு அது போதாது, நான் இரண்டையும் கூட்டிவிட்டேன்.

ஒரே குறை: கேம்டிக் 5ஆம் பதிப்புக்குப் போனபோது பல ஆட்டங்களின் அடையாளப் பெயர்கள் மாறிவிட்டன. பழைய சிஎஸ்16 என்பது கவுண்டர்ஸ்ட்ரைக்16 ஆனது. பழைய பெயரையும் ஏற்கச் சொல்லும் விருப்பம் ஒன்று இருக்கிறது; மேம்படுத்தும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.