மூலைக்கு அளவெடுத்த மீன்தொட்டி: கோவைப் பயண அனுபவம்

டாலஸில் மீன்தொட்டி வாங்க வேண்டுமென்றால் 20 கேலன், 55 கேலன், 75 கேலன் என்று கம்பெனிகள் வகுத்து வைத்திருக்கும் அளவுகளுக்குள் நம் வீட்டைத்தான் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். நினைத்த வடிவில் செய்து தரச் சொன்னால் கேட்கும் விலையில் ஊருக்கு ஒருமுறை வந்துபோய்விடலாம். ஆகவே, வடவள்ளி வீட்டுக் கூடத்தின் மூலையில் அப்பா நாற்காலியில் இருந்தபடியே பார்க்கும்படி ஒரு ஐங்கோணத் தொட்டி வைக்கும் ஆசையைக் கோவைக்கு வரும்வரை தள்ளிவைத்திருந்தேன். சுவரோரம் இரண்டிரண்டு அடி, பக்கவாட்டில் ஓரோர் அடி, சாய்ந்த முகப்பு 17 அங்குலம், உயரம் ஒன்றரை அடி, இவ்வளவுதான் தேவை.

நகரின் பெரிய காட்சிக்கூடம் ஒன்றில் இதைச் சொன்னபோது, டஃபன்டு கண்ணாடியில்தான் செய்வோம், 22,000 ரூபாய் ஆகும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அளவு பார்ப்பீர்களா என்று கேட்டதற்கு, படம் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். இரும்பு ஆங்கிள் சட்டத்தில் மக்கு (கண்ணாடியைப் பதிக்கும் பசை) வைத்து, ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவரே தொட்டியும் கட்டித் தந்த ஊரில் இந்தப் பதிலைக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அத்தகைய கண்ணாடிக் கடை ஒன்று உக்கடம் பக்கம் இன்னும் இருந்தது. கடைக்காரர் இளவயதில் கணபதியில் ஒரு ஃபவுண்டரிக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்து பழகியவராம். என் படத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சொவரு எங்கீமே மூலமட்டத்துல இருக்காதுங்க அம்மிணி, அட்டை வெட்டிப் பாக்காம நான் கண்ணாடியத் தொட மாட்டனுங்க" என்றார். சொன்னபடியே வீட்டுக்கு வந்து, கெட்டி அட்டையை மூலையில் வைத்து, அது சுவரோடு ஒட்டும்வரை கத்தியால் சீவிச் சீவிப் பார்த்தார். எங்கள் சுவர் செங்கோணத்திலிருந்து மூன்று நூல், அதாவது ஏறத்தாழ ஒரு செ.மீ., விலகியிருந்தது. டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது என்பதால், அந்த 22,000 ரூபாய்த் தொட்டி இந்த மூலையில் உட்கார்ந்தே இருக்காது.

கண்ணாடியின் கனத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் நீளத்தைவிடத் தண்ணீரின் உயரந்தான் என்று விளக்கி, ஒன்றரை அடிக்கு 8 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும் என்றார். கொள்ளளவு ஏறத்தாழ 150 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 150 கிலோ, ஆகவே ஸ்டாண்டின் மேல் பலகையும் அதன்மேல் தெர்மாகோல் அட்டையும் கட்டாயம் என்றார். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானில் மீனுக்கு ஆகாத மருந்து இருக்கிறது என்று, நான் கேட்காமலே, அதை ஒதுக்கினார். ஸ்டாண்டு நீங்கலாக மொத்தம் 6,500 ரூபாய்.

குறை இல்லாமல் இல்லை. "நாளைக்குங்க அம்மிணி" என்ற பதில் பல நாள் தொடர்ந்தது, தொலைபேசியை எடுக்கவில்லை, பில் என்று ஒரு துண்டுச் சீட்டுத்தான் கிடைத்தது. அமெரிக்காவில் பொருள் எந்தத் தெருவில் வருகிறது என்பதைக்கூடத் திரையில் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் காத்திருப்பு பெரும் வேதனையாக இருந்தது. தொட்டி மினி ஆட்டோவில் வந்து இறங்கிய பின்னும், சிலிகானின் காடி வாடை முற்றும் போகும்வரை தண்ணீர் ஊற்ற அவர் சம்மதிக்கவில்லை. நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள்தான் சிறுவாணித் தண்ணீரை நிரப்பி, ஒட்டுகளின்மேல் காகிதத்தை ஓட்டி ஈரம் கசிகிறதா என்று பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. மீன்களை அப்பாவே போய் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

குறுகிய விடுமுறையில் வருகிறவர்கள் வந்திறங்கிய வாரத்திலேயே அளவெடுக்க ஆளை அழைத்துவிடுங்கள். கண்ணாடி எத்தனை மி.மீ., எந்த சிலிகான் என்ற இரண்டையும் அந்தத் துண்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.