புதுப்பேட்டையில வாங்குன பழைய ஆம்னி கியர்பாக்ஸ்

எங்க ஆம்னி வேன்ல மூணாவது கியர் தானா நியூட்ரலுக்கு வந்துட்டே இருந்துச்சு, ஒரு நாள் எந்த கியரும் விழல. பிரிச்சு வேலை பார்க்குற அளவுக்கு காசு இல்லாம பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற சென்னை புதுப்பேட்டைக்கு போனேன். கடைக்காரர் ரொம்ப பொறுமை, இன்புட் ஷாஃப்ட்ட (கிளட்ச் பக்கம் நீட்டிட்டு இருக்குற தண்டு) ஆட்டிப் பாருங்க தம்பின்னு அவரே சொன்னாரு, ஆயில் வடிக்கிற ட்ரெய்ன் நட்டை கழட்டி ஆயில விரல்ல தேய்ச்சுப் பார்த்தா ஒரு பாக்ஸ்ல இரும்புத்தூள் மினுமினுன்னு ஒட்டுது, அத வேணாம்னுட்டு அடுத்தத எடுத்தோம். 8,000 ரூபா, பழசுக்கு 1,500 கழிச்சாங்க. அவங்க கடை பாக்ஸ்தான்னு தெரிய மஞ்சள் பெயிண்ட்ல மார்க் போட்டு, சரியில்லன்னா திருப்பிக் கொண்டு வர 15 நாள் டைம் குடுத்தாங்க. பாக்ஸ் எறக்குனப்பவே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் புதுசா போட்டுடுங்க, அதுல மிச்சம் புடிக்காதீங்க. நாலு மாசமா காய்கறி லோடு அடிக்குது, ரிவர்ஸ் மட்டும் காலைல கொஞ்சம் டைட்டு.