கார்ட்டிக் போன்: வரையத் தெரியாதவர்கள் கட்டாயம் சேரவும்
பெரிய கும்பலாக வீடியோ காலில் கூடினால் பாதிப் பேர் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள், அதற்குச் சரியான மருந்து இந்த ஆன்லைன் விளையாட்டு. இலவசம், பிரௌசரிலேயே ஓடும், ஒரு அறையில் 30 பேர் வரை சேரலாம். ஒருவர் எழுதும் வரியை அடுத்தவர் வரைய, அந்தப் படத்தை மட்டும் பார்த்து மூன்றாமவர் என்னவென்று எழுத, இப்படியே கைமாறிக் கைமாறி, 'பாட்டி பைக் ஓட்டுகிறாள்' என்று கிளம்பியது 'கொசு தோசை சுடுகிறது' என்று வந்து நிற்கும். ஒரே குறை, ஆள் கூடக்கூடச் சுற்றும் கூடும். 30 பேர் என்றால் கடைசியில் ஆல்பம் (ஒவ்வொரு வரியும் படமும் கைமாறிய வரிசை) பார்த்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும், பத்துப் பத்துப் பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். அப்புறம், போனில் விரலால் வரைவது கஷ்டம்தான். கோணல் படத்தில்தானே சிரிப்பே இருக்கிறது! ஜூம் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.