முடிவு தெரிந்த தேர்தலில் ஓட்டு எதற்கு? டெக்சாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் ஒரு கணக்கு

நான் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில். கல்லூரித் தோழன் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நின்று, ஓராண்டு இடைவெளியில் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் ஆனோம். ஆன கையோடு இருவருக்கும் வந்தது ஒரே சந்தேகம்தான். இங்கே ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

சந்தேகத்தில் நியாயம் உண்டு. டெக்சாஸில் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போடும் எந்தப் பதவியையும் 1994-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஜெயித்ததில்லை. கலிஃபோர்னியாவில் 2006-க்குப் பிறகு குடியரசுக் கட்சி ஜெயித்ததில்லை. நம் ஊரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சி மாறுவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஜனாதிபதி தேர்தல் இன்னும் மோசம். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர எல்லா மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே மொத்த எலெக்டோரல் ஓட்டும், அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உள்ள ஓட்டுகள் எல்லாம், போய்விடும். கலிஃபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40. 2020-இல் டிரம்ப்புக்கு டெக்சாஸில் கிடைத்தது சுமார் 59 லட்சம் ஓட்டு. கலிஃபோர்னியாவில் கிடைத்தது 60 லட்சம். ஆமாம், கலிஃபோர்னியாவில்தான் அதிகம். ஆனால் அந்த 60 லட்சமும் கடலில் கரைத்த பெருங்காயம், ஒரு எலெக்டரைக்கூட வாங்கித் தரவில்லை. பைடனுக்கும் இதே கதைதான். அவருடைய கோட்டையான நியூயார்க்கில் கிடைத்ததைவிட டெக்சாஸில் சற்றே அதிக ஓட்டு வாங்கினார். பலன் பூஜ்யம்.

“பேசாம வீட்டுல இருந்துடலாம்டா மச்சான்” என்றான் தோழன். சரி, அந்த யோசனையிலிருந்தே தொடங்கினோம்.

வீட்டில் இருப்பதை ஒரு எதிர்ப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். யாருக்கு எதிராக என்பதுதான் புரியவில்லை. வெறுத்துப்போய் வராதவனும், தூங்கிப்போய் வராதவனும் கணக்கில் ஒன்றுதான். இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம், ஆனால் போட்டீர்களா இல்லையா என்பது இங்கே பொது ஆவணம். கட்சிகளும் வேட்பாளர்களும் அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டுதான் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், யாருக்குக் கடிதம் போடலாம் என்று முடிவு செய்கிறார்கள். நாலு தேர்தலுக்கு வராதவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். நம் ஆட்கள் நிறைந்த தெருவுக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் குறைபட்டுக்கொள்பவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கலாம்.

அடுத்தது, தோற்கும் கட்சிக்குத் தெரிந்தே போடுவது. இது உடனே பலன் தராது. ஆனால் வித்தியாசம் குறைய ஆரம்பித்தால் அடுத்த முறை நல்ல வேட்பாளர் துணிந்து நிற்பார், பணம் வரும். 2018-இல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் பெட்டோ ஓ’ரூர்க் நின்று, மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். தோல்வி தோல்விதான். ஆனால் அவருக்காக வந்த கூட்டம் அதே வாக்குச் சீட்டில் கீழே இருந்த அவர் கட்சிப் பெயர்களுக்கும் குத்திவிட்டுப் போனதில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதிப் பதவிகள் கொத்தாகக் கைமாறின. டெக்சாஸில் நீதிபதிகளும் கட்சிச் சின்னத்தில்தான் நிற்கிறார்கள் என்பதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது கட்சிக்குப் போடுவதை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. தேசிய அளவில் 5 சதவீதம் எட்டினால் அந்தக் கட்சிக்கு அடுத்த ஜனாதிபதி தேர்தலில் அரசு நிதி உண்டு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 2000-இல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அதற்காகவே முட்டி மோதி மூன்று சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் இதற்கு ஒரு தங்கை உண்டு, அவளை லேசாக எடைபோடக் கூடாது. சீட்டில் இல்லாத ஒரு பெயரை நீங்களே எழுதிப் போடுவது. நம் நோட்டாவுக்கு ஒன்றுவிட்ட உறவு.

2017 டிசம்பரில் அலபாமாவில் செனட் இடைத்தேர்தல். அலபாமா என்றால் குடியரசுக் கட்சி, அதில் பேச்சே இல்லை. அக்கட்சியின் வேட்பாளர் ராய் மூர் மீது, பல வருடங்களுக்கு முன் பதின்வயதுப் பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார்கள் கிளம்பின. அவர் மறுத்தார். கட்சிக்காரர்கள் பலருக்கு அவருக்குப் போடவும் கை வரவில்லை, எதிர்க்கட்சிக்குப் போடவும் மனம் வரவில்லை. அந்த மாநிலத்தின் மூத்த குடியரசுக் கட்சி செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே, நான் வேறொரு பெயரை எழுதிப் போட்டுவிட்டேன் என்று டிவியில் சொன்னார். ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் சுமார் 22,000 ஓட்டில் ஜெயித்தார். பெயர் எழுதிப் போட்ட ஓட்டுகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். ஆக, எதிரிக்கும் போடாமல் தன் ஆளுக்கும் போடாமல் ஒரு தேர்தலின் முடிவை மாற்ற முடியும். அடிக்கடி அல்ல. 2020-இல் அதே ஜோன்ஸ் சுமார் 20 சதவீத வித்தியாசத்தில் தோற்று வீட்டுக்குப் போனார்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. ஒரு கட்சி ஆளும் மாநிலத்தில் தேர்தல் இல்லாமல் போய்விடுவதில்லை. அது நவம்பரிலிருந்து சில மாதம் முன்னால் நகர்ந்துவிடுகிறது, பிரைமரிக்கு. நவம்பரில் யார் நிற்பது என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முதல்கட்டத் தேர்தல் அது.

நம்மவர்கள் பலர் இதைக் கோட்டை விடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பழக்கம் இல்லாததுதான். வேட்பாளர் பட்டியல் என்பது தலைமைக் கழகத்திலிருந்து வருவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். யார் நிற்க வேண்டும் என்று தெருவில் போகிறவனைக் கேட்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? இங்கே கேட்கிறார்கள்.

2012-இல் க்ரூஸ் முதன்முதலில் செனட்டுக்கு வந்த கதையைப் பாருங்கள். குடியரசுக் கட்சி பிரைமரியின் முதல் சுற்றில் அவர் இரண்டாவதுதான். முதலில் வந்தவர் துணை கவர்னர் டேவிட் டியூஹர்ஸ்ட். ஆனால் பாதி ஓட்டைத் தாண்டவில்லை என்பதால் மீண்டும் ஒரு மோதல், இங்கே ரன்-ஆஃப் என்பார்கள். ஜூலை கடைசி, டெக்சாஸ் வெயில். 1.3 கோடி பேர் வாக்காளர் பட்டியலில் இருந்த மாநிலத்தில் சுமார் 11 லட்சம் பேர் வந்தார்கள். க்ரூஸ் வாங்கியது ஏறக்குறைய 6.3 லட்சம், நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அன்றே அவர் செனட்டர். நவம்பரில் நடந்தது முகூர்த்தம் முடிந்த பிறகு வைத்த ரிசப்ஷன்.

பிரைமரியின் மதிப்பைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழி, அதை யார் யாருக்கு மறுத்தார்கள் என்று பார்ப்பது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. கட்சி வேறு, கோட்டை அதேதான். கறுப்பினத்தவர் நவம்பரில் ஓட்டுப் போடத் தடையில்லை என்று சட்டப்படி சொல்லிக்கொண்டே, ஜனநாயகக் கட்சியின் பிரைமரியை வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். கட்சி தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று வாதம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வாசலைத் திறந்துவிடுவது போல. 1940-இல் ஹூஸ்டனின் பல் மருத்துவர் லோனி ஸ்மித் பிரைமரிச் சீட்டு கேட்டார், மறுத்தார்கள். அவர் வழக்கை கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் நடத்தினார். 1944-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எந்த ஓட்டுக்கு எடை இருக்கிறது என்று தடுத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது, ஸ்மித்துக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்தச் சீட்டைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். 2022 டெக்சாஸ் பிரைமரிக்கு இரண்டு கட்சியும் சேர்த்து, பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 20 பேர்கூட வரவில்லை.

இதில் நடைமுறை இரண்டு மாநிலத்திலும் வேறு வேறு. டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. பிரைமரி நாளில் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் அந்த வருடம் இன்னொரு கட்சியின் ரன்-ஆஃபில் மூக்கை நுழைக்க முடியாது, நீங்கள் எந்தச் சீட்டு வாங்கினீர்கள் என்பதும் பதிவாகிவிடும். “பிடிக்காத கட்சியோட சீட்டைக் கேட்க வாய் வருமா?” என்றான் தோழன். எனக்கும் கூசத்தான் செய்தது. ஆனால் என்னை ஆளப்போவது அந்த நாலு பேரில் ஒருவர் என்றான பிறகு, அதில் தேவலாம் என்று தோன்றுபவரைத் தேர்ந்தெடுப்பதில் துரோகம் எங்கே இருக்கிறது? இருப்பதிலேயே மோசமானவரைத் தூக்கிவிட்டு நவம்பரில் கவிழ்க்கலாம் என்று திட்டம் போடும் புத்திசாலிகளும் உண்டு. அந்த ஆள் நவம்பரிலும் ஜெயித்துவிட்டால் யார் முகத்தில் விழிப்பது?

கலிஃபோர்னியாவில் இந்தக் கூச்சத்துக்கே இடமில்லை. 2010-இல் மக்கள் ஓட்டெடுப்பில் நிறைவேறிய மாற்றப்படி, ஜனாதிபதி நீங்கலாக எம்.பி., கவர்னர் போன்ற பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில். முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. 2016-இல் கமலா ஹாரிஸ் செனட்டுக்குப் போனது இன்னொரு ஜனநாயகக் கட்சிக்காரரான லொரெட்டா சான்செஸை நவம்பரில் தோற்கடித்துத்தான். தோழன் ஊர்ப்பக்கத் தொகுதியில் ரோ கன்னா 2014-இல் சொந்தக் கட்சியின் மைக் ஹோண்டாவிடம் தோற்று, 2016-இல் அவரையே தோற்கடித்தார். குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் ஓட்டுக்கும் அங்கே எடை உண்டு, இரண்டு எதிரிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் எடை. வினையும் உண்டு. 2012-இல் சான் பெர்னார்டினோ பக்கம் ஜனநாயகக் கட்சிச் சாய்வுள்ள 31-வது தொகுதியில் அக்கட்சியினர் நால்வர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, நவம்பருக்குப் போன இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள்.

2024 மார்ச்சில் நடந்ததைச் சொன்னபோதுதான் தோழன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ அடங்கிய 16-வது தொகுதி. இரண்டாம் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் இவான் லோ 30,249. அதே கட்சியின் ஜோ சிமிட்டியன் 30,249. மறு எண்ணிக்கையில் லோ ஐந்து ஓட்டு முன்னால் வந்தார். கலிஃபோர்னியா பிரைமரிச் சீட்டு வீட்டுத் தபால்பெட்டிக்கே வரும். அதைப் பீட்சா கூப்பனோடு சேர்த்துக் குப்பையில் போட்ட ஆறு பேரை எனக்கே தெரியும்.

கடைசியாகச் சீட்டின் அடிப்பகுதி. இங்கே கலிஃபோர்னியா எங்களைவிடக் கொடுத்துவைத்தது, சட்டத்தையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். 2020-இல் பைடனுக்கு 63 சதவீதம் கொடுத்த அதே மக்கள், கல்லூரி அனுமதியிலும் அரசு வேலையிலும் இனத்தைக் கணக்கில் எடுக்க வழிசெய்யும் ப்ராப் 16 என்ற ஓட்டெடுப்பை அதே நாளில் 57 சதவீதத்தில் தோற்கடித்தார்கள். ஆளும் கட்சி அதை ஆதரித்தது, செல்லுபடியாகவில்லை. டெக்சாஸில் மக்களாகக் கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவரும் வழியே கிடையாது. 2025-இல் எங்கள் சட்டமன்றம் குடியரசுக் கட்சிக்கு ஐந்து எம்.பி. இடம் கூடுமாறு தொகுதிகளை மாற்றி வரைந்தபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. பதிலுக்குக் கலிஃபோர்னியா வரைந்ததும் சுத்தக் கட்சிக் கணக்குதான், ஆனால் ப்ராப் 50 என்று மக்களிடம் கேட்டுவிட்டுச் செய்தது.

எங்களுக்கு மிச்சம் ஸ்கூல் போர்டும் சிட்டி கவுன்சிலும். சாதாரணமில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்கெல்லாம் சேர்த்துச் சொத்து வரியில் கறந்துவிடுவார்கள், அதில் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்கு. ஸ்கூல் போர்டு உறுப்பினர் தேர்தலில் பெரும்பாலும் கட்சி இல்லை, கூட்டமும் இல்லை. இருவரும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், ஜனாதிபதி தேர்தலைவிட இதிலும் பிரைமரியிலும்தான் எங்கள் இருவர் ஓட்டுக்கும் மதிப்பு அதிகம். நவம்பரையும் விடச் சொல்லவில்லை. 2024-இல் ஹாரிஸ் 20 புள்ளியில் ஜெயித்த கலிஃபோர்னியாவில்தான் மெர்செட் பக்கத்து 13-வது தொகுதி எம்.பி. பதவி 187 ஓட்டில் கைமாறியது.

போன பிரைமரிக்கு நானும் மனைவியும் பக்கத்து நூலகத்தில் முன்கூட்டியே போடப் போனோம். மேஜையில் இருந்த பெரியவர் கேட்டார், எந்தக் கட்சிச் சீட்டு? நான் குடியரசுக் கட்சி என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மற்றதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.