காரைக்குடியில் ஆறு ஆண்டு மாணவ வாழ்க்கை: இருந்து பார்த்தவள் சொல்வது

2019 ஜூன் மாதம் மதுரையில் பஸ் மாறி, சக்கரப் பெட்டி ஒன்றும் பிளாஸ்டிக் வாளி ஒன்றுமாகக் காரைக்குடியில் இறங்கினேன். ஊர் தூத்துக்குடி. வந்தது எம்.எஸ்ஸி. படிக்க. இரண்டு ஆண்டில் முடித்துக் கிளம்புவதாகத்தான் திட்டம். அப்புறம் ஆய்வுப் படிப்பு என்று ஆகி, ஆறு ஆண்டு ஓடிவிட்டது. படிப்பைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு இந்த ஊரில் ஒரு மாணவி என்ன செய்வாள், யாரோடு பேசுவாள் என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சேரும் முன்பு நான் பலரிடம் கேட்டும் பதில் கிடைக்காத கேள்வி அதுதான்.

முதல் வாரம் அம்மா போனில் "ஊர் எப்படி?" என்று கேட்டார். "பெரிய பெரிய வீடு. உள்ளே ஆள் இல்லை" என்றேன். உண்மையும் அதுதான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். வாசலில் கைப்பிடி அளவுப் பூட்டு. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள்.

வளாகத்தில் பகலெல்லாம் கூட்டத்துக்குக் குறைவில்லை. வள்ளல் அழகப்பர் 1947-இல் ஒரு கலைக் கல்லூரியில் தொடங்கி, பொறியியல், ஆசிரியப் பயிற்சி, உடற்கல்வி என்று வரிசையாக நட்டுவிட்டுப் போன கல்லூரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவர் பெயரிலான அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அங்கே படிக்க வரும் வெளிமாநிலப் பிள்ளைகளையும் சேர்த்தால், இந்தச் சிறிய ஊருக்கு மாணவர் கூட்டம் அதிகம்தான்.

ஆனால் மாலை நாலரை மணி என்று ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் பெரும்பாலோர் தினமும் வந்து போகிறவர்கள். தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், அறந்தாங்கி என்று ஆளுக்கொரு திசை. பஸ் போனால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பதால், பேச்சை வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டு ஓடுவார்கள். மறுநாள் காலை அதே வாக்கியத்திலிருந்து தொடர்வோம். ஐந்து மணிக்கு மரங்களும் நாங்கள் நாலைந்து வெளியூர்ப் பெண்களும் மிச்சம்.

அப்போது தங்கியிருந்தது ஒரு தனியார் பெண்கள் விடுதி. பெயர் வேண்டாம். சாம்பாரில் பருப்பைத் தேடுவது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. காலி செய்யும்போது முன்பணத்தில் பாதியை வெள்ளையடித்த கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். நான் இருந்தவரை அந்தச் சுவர் வெள்ளையைக் கண்டதில்லை. அங்கே ஒரே ஆறுதல் குடிதண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு இந்த ஊரில் தனிப் பெருமை உண்டு. உப்புத் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊருக்குப் போனவள், ஆய்வு மாணவியாகத் திரும்பி வந்தபோது இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. ஒன்று, 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் "கோட்டையூர் வரை போய் வரலாமா" என்று யாராவது அழைத்தால் மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். பிறகு கணக்கே இல்லை. தோழி வீட்டில் காதுகுத்து என்றால் பஸ், குன்றக்குடியில் கூட்டம் என்றால் பஸ். மாணவிகள் ஒருவர் ஊரை ஒருவர் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டாவது, அறை. ஒரு பழைய வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். மாடியில் ஐந்து பெண்களுக்கு இடம் கொடுத்தார். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். "எட்டு மணிக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடம் ஆத்தா திறந்திருக்கிறது?" என்பார். ஆய்வகத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னதை மூன்று மாதம் நம்பவில்லை.

திங்கட்கிழமை சந்தை. ஆச்சிக்குக் கால் வலி என்பதால் நாங்கள் முறை வைத்துப் போவோம். நான் ஊர்க்காரர்களோடு பேசப் பழகியது அங்கேதான். கருவாட்டுக்காரம்மா என் பேச்சைக் கேட்டதுமே "கடற்கரைப் பிள்ளையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவர் பழசைக் கட்டிக் கொடுத்ததில்லை.

எங்களில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுடுவார். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். சரிந்து விழுவது போக நிற்கும் உளுந்துதான் அளவு. மாவை நைசாக ஆட்டி, கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றி, ஒன்று வெந்து எழும்பிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு நான் இரண்டு ஊற்றியபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "படித்த பிள்ளை சுட்டது" என்று அதை மட்டும் தனித் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். கண்ணில் நீர் வர வர, ஐந்து மாநிலத்துச் சண்டையையும் பேசித் தீர்த்திருக்கிறோம். ஐந்து மாநிலம் என்றது வேடிக்கைக்கு. எங்களில் இருவர்தான் கேரளம்.

பூட்டிய வீடுகளைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னது தவறு என்று 2023-இல் தெரிந்தது. ஆச்சியின் பங்காளி வீட்டில் கல்யாணம். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டை ஒரு வாரம் முன்பே திறந்தார்கள். எங்கள் ஐவரையும் உதவிக்கு அழைத்துப் போனார் ஆச்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துணியால் துடைக்கத் துடைக்க, தூசிக்கு அடியிலிருந்து பச்சையும் சிவப்புமாகப் பூ எழுந்து வந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்கும்போது எண்ணிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். கரண்டி மட்டும் இரண்டு முறை கணக்குத் தப்பியது. மூன்றாம் முறை ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் அமர்ந்து எண்ணினார். அன்று வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நின்ற கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஐந்தோ ஆறோதான். ஆனாலும் "சாப்பிட்டாயா?" என்று கேட்காமல் யாரும் என்னைக் கடந்து போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டை மறுபடி பூட்டினார்கள்.

செட்டிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் அந்தப் பெயர் போட்ட ஓட்டல்களில் இலைபோட்டுச் சாப்பிட உதவித்தொகை இடம் கொடுக்காது. இனிப்பாகச் செய்யும் கறுப்புக் கவுனி அரிசி உட்பட முறையான விருந்தை ஆறு ஆண்டில் மூன்று முறை சாப்பிட்டேன். மூன்றும் கல்யாணம். மற்ற நாட்களில் மாலை இட்லிக் கடைகளே கதி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வருவதானால் மாசி, பங்குனியைத் தவற விடாதீர்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் போகும் நாளில் ஆய்வகத்தில் பாதிப் பேர் மஞ்சள் துணியில் இருப்பார்கள். பங்குனியில் கம்பன் விழா. சா. கணேசன் 1939-இல் தொடங்கியது. நிறைவு நாள், கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். வேதியியல்காரியான நான் முதல் ஆண்டு மின்விசிறிக்காகத்தான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்காரர், பேச்சாளர் பாட்டை முடிக்கும் முன்பே கடைசி அடியை வாய்க்குள் சொல்லிவிட்டார். அதைப் பார்க்கவே மறு ஆண்டும் போனேன்.

இதெல்லாம் ஒரு பெண் கண்ட காரைக்குடி. வகுப்புப் பையன்களைக் கேட்டால் இரவு பதினொரு மணி டீக்கடை, தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு என்று வேறொரு ஊரைச் சொல்வார்கள். அந்த ஊருக்குள் நான் போனதில்லை. எட்டு மணிக் கதவு எங்களுக்கு மட்டும்தான் என்பது இன்றும் எனக்கு எரிச்சல். ஆச்சியிடமே சொல்லியிருக்கிறேன். "ஊர் வாயை நீ அடைப்பாயா?" என்று கேட்டார். இரவில் விழித்திருக்கும் நகரம் வேண்டுமென்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடுங்கள். யாரும் அழைக்காமல் போய்ப் பொழுதைக் கழிக்கிற இடங்கள் இங்கே குறைவு. அழைப்பு வர எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆறு ஆண்டிலும் எனக்கு வழி தெரியவில்லை. உள்ளூர்த் தோழிகள் அவரவர் வீட்டில். சென்னைக்காரர்கள் சனிக்கிழமை விடியலில் பல்லவன் ரயிலில் ஏறியிருப்பார்கள். மதியம் மூன்று மணிக்குத் தெருவில் நாய்கூட நிழலை விட்டு எழாது. ஆச்சி பனையோலையில் கொட்டான் என்கிற சிறு கூடை முடையக் கற்றுக் கொடுத்தார். நான்கு மூலையோடு முடிய வேண்டிய என்னுடையது ஐந்து மூலையோடு முடிந்தது. கடைசி ஆண்டுதான் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். முதல் ஆண்டே வாங்கியிருக்க வேண்டும். மேடு பள்ளம் அதிகமில்லை, வெயில் சாய்ந்த பிறகு கோட்டையூர் வரை மிதித்துவிட்டுக் கதவு சாத்துமுன் திரும்பிவிடலாம். விளக்கு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.