கார்டில் ரெரா நம்பர் இருந்தது, ₹3,50,000 போய்விட்டது: மனை ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்த அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொஞ்சம் ஆறின பிறகு எழுது என்கிறார் என் கணவர். ஆறினால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய். அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஏஜென்ட் மூலமாக மனை வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன்.

வீடு, மனை விளம்பரம் போடுகிற ஒரு ஆப்பில் பார்த்துத்தான் கூப்பிட்டேன். செங்கல்பட்டு பக்கம், ஆயிரத்து இருநூறு சதுர அடி, சதுர அடி இரண்டாயிரம், மொத்தம் ₹24,00,000. விளம்பரத்திலேயே 'டி.டி.சி.பி., ரெரா அப்ரூவ்டு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். டி.டி.சி.பி. என்றால் மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம், ரெரா என்றால் மனைத் திட்டங்களையும் ஏஜென்ட்களையும் பதிவு செய்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை அனுப்பி எங்களைக் கூட்டிப்போனார்கள். வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். என்னை அக்கா என்றான், அப்பாவை ஐயா என்றான். வெயில் அதிகம் என்று குடை பிடித்தான். மண் மேடு பள்ளமாக இருந்த இடத்தில் அப்பாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். கல் நட்டிருந்த ஒரு மனையைக் காட்டி, "இது என் தங்கச்சிக்கு எடுத்து வெச்சிருக்கேன் ஐயா, அதுக்குப் பக்கத்து மனைதான் உங்களுக்கு" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அப்பா கவிழ்ந்தார். நானும்தான். சொந்தத் தங்கைக்கு எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் நமக்கும் தருகிறான் என்றால் அதில் என்ன வில்லங்கம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இப்போது கேட்டால் அவனுக்குத் தங்கையே கிடையாது என்கிறார்கள்.

நான் ஒன்றும் கேட்காமல் பணம் கொடுத்துவிடவில்லை. "தம்பி, நீங்க ரெராவுல பதிவு பண்ணின ஏஜென்ட்டா?" என்று அந்த இடத்திலேயே கேட்டேன். உடனே விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தான். அலுவலகத்தின் பெயர், அதற்குக் கீழே ரெரா நம்பர். "நம்பர் இல்லாம இந்தத் தொழிலே பண்ண முடியாதுக்கா" என்றான். சட்டப்படி அது சரியான பேச்சு. அதனால் நம்பினேன். நம்பர் இருக்கிறதா என்று பார்த்தேன், அது யாருடைய நம்பர் என்று பார்க்கவில்லை.

அன்றைக்கே டோக்கன் ₹50,000 அவனுடைய சொந்த நம்பருக்கு ஜி-பே செய்தேன். எட்டாம் நாள் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க லேஅவுட் வரைபடம், சிவப்புப் பொட்டு ஒட்டியதெல்லாம் விற்றுப்போன மனைகளாம். லேண்ட் ஓனருக்கு அவசரமாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது, இன்றைக்குக் கொடுத்தால் இதே ரேட், அடுத்த வாரம் இருநூறு ரூபாய் ஏறும் என்றார்கள். அப்பா வங்கிக்குப் போய் எடுத்து வந்த ₹3,00,000 ரொக்கமாக அந்த மேசையில் வைக்கப்பட்டது. மொத்தம் ₹3,50,000. லெட்டர்பேடில் 'புக்கிங் அட்வான்ஸ்' என்று எழுதி ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில் சர்வே நம்பர் இல்லை. பதினைந்து நாளில் அக்ரிமென்ட் என்று வாயால் சொன்னார்கள்.

பதினைந்து நாள் கழித்துக் கேட்டேன். "ஆடி பொறந்துடுச்சுக்கா, ஆவணியில நல்ல நாள் பார்த்து அக்ரிமென்ட், பத்திரம் ரெண்டையும் சேர்த்தே போட்டுடலாம்" என்றான். அதற்குள் கடனுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று வங்கிக்குப் போனோம். வங்கி வக்கீல் கையில் இருந்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "இந்த ரெரா நம்பர் முதல் ஃபேஸுக்கு, அதாவது முதல் கட்டத்துக்கு வாங்கினதும்மா. அதுல அறுபத்தி நாலு மனைதான். உங்க மனை எண்பத்தி ஒண்ணு. இரண்டாம் ஃபேஸுக்குப் பதிவே இல்லை" என்றார். அப்புறம் விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏஜென்ட் நம்பரும் இல்லை, இதுவும் அதே லேஅவுட் நம்பர்தான்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் நானே தேடினேன். பதிவான மனைப் பிரிவுகள் ஒரு பட்டியல், கட்டடங்கள் ஒரு பட்டியல், ஏஜென்ட்கள் தனிப் பட்டியல். ஏஜென்ட் நம்பர் என்றால் அதற்குள்ளேயே 'ஏஜென்ட்' என்ற வார்த்தை இங்கிலீஷில் இருக்கிறது. மனைப் பிரிவு நம்பரில் 'லேஅவுட்' என்று இருக்கிறது. என் கையில் இருந்த கார்டில் 'லேஅவுட்' என்று அச்சாகியிருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கார்டு என் பர்ஸில்தான் இருந்தது. அந்தப் பையன் பெயரும் ஏஜென்ட் பட்டியலில் இல்லை, அந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் கொடுமை. போன் செய்தால் கட் செய்கிறான். என் கணவர் நம்பரிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தான். "அக்கா, நான் வேலையை விட்டுட்டேன், ஆபீஸ்ல கேளுங்க." ஆபீஸுக்குப் போனோம். முதல் தடவை மேனேஜர் சைட்டில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாவது தடவை ஆடிட்டிங் என்றார்கள். நேற்று மூன்றாவது தடவை. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மேனேஜர் வந்தார். "மேடம், அவர் எங்க ஸ்டாஃபே இல்லை. ஃப்ரீலான்ஸ் அசோசியேட். கமிஷனுக்கு ஆள் கூட்டிட்டு வருவார். அவர் வாங்கின காசுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். ரசீதைக் காட்டினேன். லெட்டர்பேடு எங்களுடையதுதான், சீல் எங்களுடையது இல்லை என்றார். ₹3,00,000 ரொக்கம் வைத்த அதே மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இறங்கி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விளம்பரம் வந்த ஆப்பில் புகார் போட்டேன். "நாங்கள் விளம்பரதாரரையும் வாங்குபவரையும் இணைக்கும் தளம் மட்டுமே" என்று ஒரே பதில் நான்கு தடவை வந்தது. காவல் நிலையத்தில் எடுத்த எடுப்பிலேயே இது சிவில் மேட்டர் என்றார்கள். வக்கீலோடு மறுபடி போய் நின்ற பிறகுதான் புகாரை வாங்கிக்கொண்டு, புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

இந்த 'ஸ்டாஃப் இல்லை, ஃப்ரீலான்ஸ்' என்கிற பேச்சுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. வக்கீலிடம் கேட்டு, 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன். ஏஜென்ட் என்றால் யார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கமிஷனோ வேறு எந்தப் பெயரிலோ பணம் வாங்கிக்கொண்டு, வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கிறவர் எல்லோரும் ஏஜென்ட்தான். புரோக்கர், டீலர், இடைத்தரகர், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஒன்றுதான். 'அசோசியேட்' என்று கார்டில் போட்டுக்கொண்டால் தப்பித்துவிட முடியாது. பதிவு செய்த மனைப் பிரிவில் ஒரு மனையை விற்றுக்கொடுக்கக்கூட ஏஜென்ட் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும் (9-வது பிரிவு). விற்றுத் தருகிற ஒவ்வொரு மனைக்கும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு இல்லாத திட்டத்தில் ஏஜென்ட் கை வைக்கவே கூடாது என்று 10-வது பிரிவு சொல்கிறது. இல்லாத அனுமதி இருப்பதாகச் சொல்லி விற்கக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். புக்கிங் நேரத்திலேயே வாங்குகிறவருக்கு உரிய தகவலும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு கலர் நோட்டீஸும் ஒரு பேனாவும்.

ஃபேஸ் விஷயமும் அப்படித்தான். ஒரே திட்டத்தைப் பல ஃபேஸாகப் போட்டால் ஒவ்வொரு ஃபேஸும் தனித் திட்டம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வேண்டும் என்று 3-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பதிவு வாங்காமல் விளம்பரம் செய்வதும் புக்கிங் எடுப்பதுமே தப்பு. முதல் ஃபேஸ் நம்பரை இரண்டாம் ஃபேஸ் போர்டில் எழுதி வைத்தால் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்றுதானே எழுதுகிறார்கள்.

இன்னொன்று. விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமென்றால் புரமோட்டர், அதாவது மனைப் பிரிவு போட்டு விற்கிறவர், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவு செய்ய வேண்டும் (13-வது பிரிவு). இருபத்து நான்கு லட்சத்துக்குப் பத்து சதவீதம் ₹2,40,000. என்னிடம் வாங்கியது ₹3,50,000. ஒரு துண்டு அக்ரிமென்ட் கிடையாது. நிலத்துக்கு அட்வான்ஸாக ₹20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே தப்பு என்றும் வக்கீல் சொன்னார். அந்த மேசையில் அப்பா மூன்று லட்சத்தை எண்ணி வைத்தபோது அங்கிருந்த நான்கு பேரில் ஒருவருக்குமா இது தெரியாது?

தண்டனை என்ன என்று கேட்டீர்களானால், ஏஜென்ட் 9-வது, 10-வது பிரிவுகளை மீறினால் நாளுக்கு ₹10,000 வரை அபராதம், மொத்தத்தில் மனை விலையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. என் மனைக்கு அது அதிகபட்சம் ₹1,20,000. அதுவும் அரசுக்குப் போகிற பணம், அப்பாவின் கைக்கு வராது. என் ₹3,50,000-ஐத் திருப்பி வாங்க நான் தனியாகப் புகார் போட வேண்டும். ஏஜென்ட் மீதும் போடலாம், புரமோட்டர் மீதும் போடலாம், 31-வது பிரிவில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. நான் இருவர் மீதும் போடுகிறேன். அந்த மேனேஜர் என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் சரி.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். வக்கீல் பதினொரு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார், ஜி-பே ஸ்டேட்மென்ட் இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை. அவசரத்தில் இவ்வளவுதான் முடிகிறது.

கார்டில் உள்ள நம்பரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள், 'ஏஜென்ட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆணையத்தின் தளத்தில் ஏஜென்ட் பட்டியலில் பெயரைத் தேடுங்கள், பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், முடிந்துபோயிருக்கலாம். மனை நம்பரைச் சொல்லி அது அந்தப் பதிவுக்குள் வருகிறதா என்று அங்கீகரித்த வரைபடத்திலேயே பாருங்கள், அவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். ஏஜென்ட்டின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். பழைய வீடு கைமாற்றுவது, வாடகை இதற்கெல்லாம் இந்த ஏஜென்ட் பதிவு கட்டாயமில்லை, அதைச் சாக்காக வைத்து 'இது ரீசேல் மனை' என்று சொன்னால் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். டோக்கனுக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள், நான் டோக்கனுக்கு அப்புறம் பார்த்தேன்.

செங்கல்பட்டு பக்கம் இரண்டாம் ஃபேஸ் என்று சொல்லி, அறுபத்தி நாலுக்கு மேலே உள்ள மனைக்கு யாராவது பணம் கட்டியிருந்தால் தயவுசெய்து எனக்குத் தகவல் கொடுங்கள். சுவரில் அந்தப் பக்கம் முழுக்க சிவப்புப் பொட்டாக இருந்தது. எல்லாமே பொய்ப் பொட்டாக இருக்காது. எங்களைப் போலப் பணம் கட்டினவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு எழும்பூரில் உள்ள ஆணைய அலுவலகத்துக்குப் போகிறேன்.